புது ப்ராசசருக்குப் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து ஆடித் தள்ளுபடி முடியும்வரை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் லேப்டாப் கடைக்குக் கடை ஒரே பேச்சுதான். "இது பன்னிரண்டாவது ஜெனரேஷன் சார், ஓல்டு. இன்னொரு பத்தாயிரம் போட்டீங்கன்னா லேட்டஸ்ட்டே எடுத்துடலாம். நாலு வருஷம் படிக்கணும்ல தம்பி?" அப்பா பையனைப் பார்ப்பார். பையன் போனைப் பார்ப்பான். போனில் ஓடும் ரிவ்யூவும் பழசை வாங்கி ஏமாறாதீர்கள் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்தப் பத்தாயிரம் சிலருக்கு நல்ல செலவு. நிறைய பேருக்கு தண்டம். இரண்டில் நீங்கள் எது என்று கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் படித்திருக்கத் தேவையில்லை. லேப்டாப்பில் கணக்குப் போடும் சில்லுதான் (சிப்) ப்ராசசர். அது எப்போது வேலை செய்கிறது, எப்போது சும்மா நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

கல்லுக்கு முன்னால் நிற்பவர்

திருவல்லிக்கேணியில் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பரோட்டா கடையைப் பாருங்கள். கல்லுக்கு முன்னால் மாஸ்டர். அவர் கைக்கெட்டும் மேடையில், எண்ணெய் தடவி உருட்டி வைத்த மாவு. பின்கட்டில் மைதா மூட்டை. லேப்டாப்பின் உள்ளேயும் இந்த மூன்று பேர்தான். மாஸ்டர்தான் கோர்: கணக்குப் போடும் பகுதி. ஒரு ப்ராசசருக்குள் பல கோர்கள் இருக்கும். மேடைதான் ரேம்: இப்போது திறந்திருக்கும் வேலைகள் தங்கும் இடம். பின்கட்டுதான் எஸ்எஸ்டி: எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் கிடங்கு, ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது.

மேடையில் உருண்டை தீர்ந்துபோனால் மாஸ்டர் எவ்வளவு கைவேகக்காரராக இருந்தாலும் கரண்டியோடு நிற்கத்தான் வேண்டும். சம்பளத்தைக் கூட்டி வேறு மாஸ்டரைக் கொண்டுவந்தாலும் நிற்பார். "லேப்டாப் ஸ்லோவா இருக்கு" என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்த ரகம். 8 ஜிபி ரேமில் குரோம், வாட்ஸ்அப், டீம்ஸ், ஆன்டிவைரஸ் எல்லாம் ஏறி உட்கார்ந்தால் மேடை நிரம்பிவிடும். நிரம்பியதும் விண்டோஸ் பாதியைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துவரும். திரையில் வட்டம் சுற்றுவது அப்போதுதான்.

2021 கடைசியில் வந்த 12ஆம் தலைமுறையிலிருந்து, ப்ராசசர் கம்பெனியான இன்டெல் ஒரே சில்லுக்குள் இரண்டு வகை ஆட்களை வைக்கிறது. கனமான வேலைக்குப் பெரிய கோர்கள், சில்லறை வேலைக்கும் மின்சாரச் சிக்கனத்துக்கும் சின்ன கோர்கள். மாஸ்டரும் கை ஆட்களும் மாதிரி. எனவே "பத்து கோர் சார்" என்று யாராவது சொன்னால், அதில் மாஸ்டர் எத்தனை பேர் என்று கேளுங்கள். கோர் ஐ5 1335யு ப்ராசசரில் பெரியது 2, சின்னது 8, மொத்தம் 10. கோர் ஐ5 13420எச் ப்ராசசரில் பெரியது 4, சின்னது 4, மொத்தம் 8. மொத்த எண்ணிக்கையில் எட்டு, பத்தைவிடக் குறைவுதான். ஆனால் வீடியோ எக்ஸ்போர்ட் போன்ற நீண்ட வேலையில் அந்த எட்டு கோர் சில்லுதான் பத்து கோர் சில்லை முந்தும்.

ஸ்டிக்கரில் இருக்கும் புதுமை

இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கம்பெனிகளும் அதற்கு வசதியாகத்தான் பெயர் வைக்கின்றன.

தலைமுறை என்றால் கம்பெனி ஒரு வரிசைச் சில்லுகளுக்குக் கொடுக்கும் வருடாந்திரப் பெயர், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வடிவமைப்பு மாறியே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இன்டெல்லின் மூன்று சில்லுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2022-ல் கோர் ஐ5 1235யு. 2023-ல் கோர் ஐ5 1335யு. 2024-ல் கோர் 5 120யு. கடைசிப் பெயரில் "ஐ" கூட போய்விட்டது, பார்த்தால் ஏதோ புது ஜாதி மாதிரி தெரியும். மூன்றிலும் பெரிய கோர் 2, சின்ன கோர் 8. மூன்றுக்கும் அடிப்படை மின்சாரம் 15 வாட். உச்ச வேகம் மட்டும் 4.4, 4.6, 5.0 கிகாஹெர்ட்ஸ் என்று ஏறியிருக்கிறது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் ஐந்து சதவீதம்கூடக் கிடையாது. அதற்குப் பத்தாயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பக்கம் இன்னும் வேடிக்கை. 2022-ல் வந்த ரைசன் 5 5625யு ஒன்று. அதே வருடக் கடைசியில் வந்த ரைசன் 5 7520யு இன்னொன்று. எண்ணைப் பார்த்தால் ஏழாயிரம் பெரியது, எனவே புதுசு, எனவே வேகம். உண்மையில் 7520யு-வுக்குள் இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, 4 கோர். சின்ன எண்ணுள்ள 5625யு-வுக்குள் இருப்பது 2020-ல் வந்த ஜென் 3, 6 கோர். பழைய எண்தான் வேகமானது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ரைசன் 7000, 8000 வரிசை லேப்டாப்களில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்லும். 7520 என்றால் ஜென் 2, 7530 என்றால் ஜென் 3, 7640 என்றால் ஜென் 4. மற்ற வரிசைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

இன்டெல்லோ ஏஎம்டியோ, கடைசியில் வரும் எழுத்தைத் தவறவிடாதீர்கள். யு என்றால் மின்சாரச் சிக்கனம், எடை குறைந்த லேப்டாப்புக்கு. எச் அல்லது எச்எஸ் என்றால் அதிக மின்சாரம், அதிக உழைப்பு, பெரும்பாலும் தடித்த உடம்பு.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது: "ஐ5", "ரைசன் 5", "லேட்டஸ்ட்" இவை எதுவும் ப்ராசசரின் பெயராகாது. இலக்கங்களும் கடைசி எழுத்தும் சேர்ந்த முழு மாடல் எண்தான் பெயர். அது தெரியாமல் விலை பேச உட்காரக்கூடாது.

கிகாஹெர்ட்ஸ் என்ன சொல்லும், என்ன சொல்லாது

ப்ராசசருக்குள் ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் கோர் கொஞ்சம் வேலையை முடிக்கும். நொடிக்கு எத்தனை நூறு கோடித் துடிப்பு என்பதுதான் கிகாஹெர்ட்ஸ். 4.3 என்றால் நொடிக்கு 430 கோடி.

ஆனால் ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை கிகாஹெர்ட்ஸ் சொல்லாது. அது வடிவமைப்பைப் பொறுத்தது. மேலே சொன்ன 7520யு, 5625யு இரண்டுக்குமே உச்சம் 4.3தான்! இருந்தும் ஒரே துடிப்பில் ஜென் 2-ஐவிட ஜென் 3 சராசரியாக 19 சதவீதம் கூடுதல் வேலை முடிக்கும் என்பது ஏஎம்டியே சொன்ன கணக்கு. ஒரு மாஸ்டர் ஒரு வீச்சில் ஒரு பரோட்டா அடிக்கிறார், இன்னொருவர் அதே வீச்சில் ஒன்றேகால் அடிக்கிறார். கை அசைவை எண்ணிப் பார்த்தால் இருவரும் சமம்தான்.

எனவே உண்மையான "புதுசு" என்பது வடிவமைப்பு மாறும்போதுதான் வருகிறது. நான் பணம் கொடுப்பதானால் அதற்குத்தான் கொடுப்பேன், பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

வாட்டும் சென்னை வெயிலும்

கடைக்காரரும் பேசமாட்டார், விளம்பரமும் பேசாது என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

ப்ராசசர் சாப்பிடும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அந்த மின்சாரத்தின் அளவுதான் வாட். கோர் ஐ5 1335யு-வுக்கு அடிப்படை 15 வாட். கொஞ்ச நேரத்துக்கு 55 வாட் வரை போகலாம். அந்த 4.6 கிகாஹெர்ட்ஸ் எல்லாம் இந்தக் கொஞ்ச நேரத்து ஆட்டம். சில்லின் சூடு 100 டிகிரியை நெருங்கினால் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு த்ராட்லிங் என்று பெயர். கெட்டுப்போனதற்கு அடையாளம் என்று பயப்படவேண்டாம், உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது.

சரி, சூட்டை யார் வெளியேற்றுவது? அடியில் சுழலும் ஒரு சின்ன ஃபேன். அது அறையிலிருக்கும் காற்றை இழுத்துத்தான் குளிரவைக்கிறது. சில்லுக்கும் அறைக்கும் இடையே எத்தனை டிகிரி வித்தியாசமோ, அதற்கேற்பத்தான் சூடு வெளியேறும். ரிவ்யூ செய்பவரின் ஏசி அறை 25 டிகிரி என்று வையுங்கள். 100-க்கு 75 டிகிரி இடைவெளி இருக்கிறது. மே மாதம் கத்திரி வெயிலில் வியாசர்பாடியிலோ பள்ளிக்கரணையிலோ மாடி அறை, ஏசி இல்லை, 35 டிகிரி. இடைவெளி 65தான். ஏறக்குறைய 13 சதவீதம் குறைவான சூட்டைத்தான் அதே ஃபேன் வெளியேற்ற முடியும். அந்த அளவுக்கு வாட்டைக் குறைத்தே ப்ராசசர் ஓடவேண்டும். வேகம் அதே 13 சதவீதம் குறையாது, அதைவிடக் கொஞ்சம் கம்மியாகவே குறையும். ஆனாலும் ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இருக்கிற வித்தியாசத்தை விழுங்க இது போதும். மெத்தையில் வைத்து, காற்றுத் துளையை அடைத்துக்கொண்டு படம் பார்க்கிறவர்கள் கணக்கு தனி.

அதனால்தான் ஒரே ப்ராசசர் போட்ட இரண்டு லேப்டாப் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒல்லியான உடம்பில் ஒற்றை ஃபேனோடு இருக்கும் புது ப்ராசசரைவிட, நல்ல காற்றோட்டமுள்ள உடம்பில் இருக்கும் போன வருட ப்ராசசர் அரை மணி நேர வேலையை முன்னதாக முடித்துவிடலாம். அடுப்பு எரியாத கடையில் மாஸ்டர் திறமை என்ன செய்யும்?

காத்திருப்பது யாரால்?

இனி கணக்கு. உதாரணத்துக்கு, ஒரு பெரிய எக்செல் ஃபைல் திறக்க 60 நொடி ஆகிறது என்று வைப்போம். அதில் 40 நொடி டிஸ்க்கிலிருந்து எடுக்க, 20 நொடி ப்ராசசர் கணக்குப் போட. இப்போது கால் பங்கு கூடுதல் வேகமான ப்ராசசர் வாங்குகிறீர்கள். 20 நொடி 16 ஆகும். மொத்தம் 56. பணம் கொடுத்தது 25 சதவீத வேகத்துக்கு, கிடைத்தது 60-ல் 4 நொடி. அதே ப்ராசசரை முழுக்க முழுக்க ப்ராசசரே செய்யும் வேலைக்குக் கொடுங்கள், இருபது நிமிட வீடியோ எக்ஸ்போர்ட் என்று வையுங்கள்: பதினாறு நிமிடத்தில் முடியும். அதே சில்லு, அதே விலை.

ஐபிஎம்மில் பெரிய கம்ப்யூட்டர்களை வடிவமைத்த ஜீன் ஆம்டால் 1967-ல் முன்வைத்த வாதம் இது. ஆம்டால் விதி என்றே பெயர். ஒரு பகுதியை எவ்வளவு வேகமாக்கினாலும், மொத்த நேரத்தில் அந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கோ அதற்குமேல் லாபம் கிடைக்காது.

உங்கள் பங்கு எவ்வளவு என்று இப்போது கையிலிருக்கும் லேப்டாப்பே சொல்லும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் ஓரமாக வைத்துவிட்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். எரிச்சல் வரும் அந்த நொடியில் திரும்பிப் பாருங்கள். மெமரி 90 சதவீதம் தாண்டி நிற்கிறதா? குறை ரேமில். டிஸ்க் 100-ல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், எஸ்எஸ்டி போட்டாலே அது வேறு லேப்டாப் ஆகிவிடும். இரண்டும் சாதாரணமாக இருந்து சிபியு (ப்ராசசருக்கு அங்கே அதுதான் பெயர்) மட்டும் 100-ல் நின்றால் குறை ப்ராசசரில்தான்.

ஒரு பொறி உண்டு. சில ப்ரோகிராம்கள் ஒரே கோரை மட்டும்தான் உபயோகிக்கும். கோர் ஒரு நேரத்தில் ஏந்தும் ஒரு வேலை வரிசைக்கு த்ரெட் என்று பெயர். 1335யு-வின் பெரிய கோர்கள் ஆளுக்கு இரண்டு, சின்னவை ஆளுக்கு ஒன்று, ஆக 12 த்ரெட். ஒன்று மட்டும் மூச்சுமுட்ட ஓடினால் மொத்தக் கணக்கில் 8 சதவீதம் என்றே காட்டும். "சிபியு சும்மாதானே இருக்கு" என்று தோன்றும். சிபியு வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து லாஜிகல் ப்ராசசர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தனித்தனிக் கட்டங்களாகப் பிரியும். ஒரு கட்டம் மட்டும் உச்சியில் நிற்கிறது என்றால், உங்களுக்கு வேண்டியது அதிக கோர்கள் இல்லை, ஒவ்வொரு கோரும் வேகமாக இருக்கிற புது வடிவமைப்பு.

சுருக்கமாக: மெமரி நிரம்பினால் ரேம், டிஸ்க் திணறினால் எஸ்எஸ்டி, சிபியு திணறினால் மட்டுமே ப்ராசசர்.

அப்போது யார் கூடக் கொடுக்கலாம்?

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், ஆன்ட்ராய்டு ஆப் எழுதி நாளைக்கு நாற்பது முறை பில்டு போடுகிறவர் (எழுதியதை ஓடும் ஆப்பாக மாற்றுவதுதான் பில்டு), கடைசி வருட ப்ராஜெக்டுக்கு சிமுலேஷன் ஓட்டும் மெக்கானிக்கல் மாணவர்: இவர்களுக்குப் புது வடிவமைப்பும் எச் வகை ப்ராசசரும் நேரடி லாபம். கேம் ஆடுகிறவர் அந்தப் பணத்தைத் தனி கிராஃபிக்ஸ் சில்லில் போடுவது உத்தமம்.

முதல் வருட மாணவருக்கு? வேர்டு, பிரவுசர், ஜூம், பைதான் அரிச்சுவடி. பாரிமுனைக் கடையில் டேலி போடுகிறவருக்கும் இதே பதில்: தேவையில்லை. அந்தப் பணத்தில் 16 ஜிபி ரேம் உள்ள மாடலாகப் பாருங்கள். ரேம் பலகையோடு பற்றவைத்ததா, பிறகு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறிக் கிடக்கிறது. "இப்போ எட்டு வாங்கிட்டு அப்புறம் போட்டுக்கலாம்" என்ற பழைய கணக்கு முன்போல மலிவாக முடியாது. இன்னொன்று, 1235யு, 1335யு லேப்டாப்களில் ஒற்றை ரேம் குச்சி மட்டும் இருந்தால் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் "யுஎச்டி" என்று காட்டும். இரண்டாவது குச்சி போட்டதும் அதே சில்லு "ஐரிஸ் எக்ஸ்இ" ஆகிவிடும், கிராஃபிக்ஸ் வேகமும் கூடும். ப்ராசசரை மாற்றாமலே!

பேட்டரி வேறு விஷயம். ஓஎம்ஆருக்குப் போகவரத் தினம் மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு, வேகத்தைவிட வாட் சிக்கனம் முக்கியம். ஆப்பிள் 2020-ல் எம்1 ப்ராசசரைக் கொண்டுவந்தபோது ஃபேனே இல்லாத மேக்புக் ஏரில் இதைச் செய்து காட்டியது. 2024-ல் வந்த இன்டெல் லூனார் லேக், குவால்காம் ஸ்னாப்டிராகன் எக்ஸ் ப்ராசசர்கள் இரண்டும் அந்தத் திசையில்தான். இதற்குக் கூடக் கொடுப்பது நியாயம். ஸ்னாப்டிராகன் எடுப்பதானால் ஆபீஸ் விபிஎன், பழைய பிரின்டர், கல்லூரி சாஃப்ட்வேர் எல்லாம் அதில் ஓடுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்; இன்டெல்லுக்காக எழுதிய ப்ரோகிராம்களை அது மொழிமாற்றித்தான் ஓட்டும், சில அடம்பிடிக்கும்.

"நாலு வருஷம் தாங்கணும்" என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை. அந்த 8ஆம் தலைமுறையே 2017-ல் வந்தது. அப்போது மைக்ரோசாஃப்ட் கழற்றிவிட்டது பெரும்பாலும் எட்டு வருடமும் அதற்கு மேலும் பழைய சில்லுகளைத்தான். போன வருடத்து ப்ராசசர் வாங்குகிறவர் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏஐ ஸ்டிக்கர்

புது லேப்டாப்களில் என்பியு என்று ஒரு பகுதி இருக்கிறது: ஏஐ கணக்குகளைக் குறைந்த மின்சாரத்தில் போடும் தனிப் பிரிவு. சாட்ஜிபிடி, ஜெமினி எல்லாம் பிரவுசரில் ஓடும்போது கணக்கு நடப்பது எங்கோ ஒரு சர்வரில். உங்கள் என்பியு அதில் விரலைக்கூட அசைக்காது. விண்டோஸின் கோபைலட் பிளஸ் என்ற ஏஐ வசதிகளுக்கு மட்டும் 40 டாப்ஸ் அளவுள்ள என்பியு வேண்டும். டாப்ஸ் என்பது நொடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்கு என்ற அளவு. 2023 டிசம்பரில் வந்த இன்டெல்லின் முதல் கோர் அல்ட்ரா வரிசையில் என்பியு உண்டு, ஆனால் 40-ஐத் தொடாது. "ஏஐ லேப்டாப்" என்று ஒட்டியிருக்கும், கோபைலட் பிளஸ் வராது.

பில் போடுவதற்கு முன்

பெட்டியைப் பிரித்து ஆன் செய்யச் சொல்லுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போனால் ப்ராசசரின் முழுப் பெயரும் ரேமும் வரும். பேசிய மாடல் எண்ணோடு ஒரு எழுத்து விடாமல் ஒத்துப் பாருங்கள். 7520-ம் 7530-ம் காதில் ஒரே மாதிரிதான் விழும். போன வருட ஸ்டாக் என்றால் அடியில் இருக்கும் சீரியல் எண்ணை அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு வாரன்ட்டி எப்போது தொடங்கியது என்று பாருங்கள். கிடங்கிலேயே மாதக்கணக்கில் கிடந்திருந்தால் அந்த மாதங்கள் கழிந்துபோயிருக்கும். பில்லைக் காட்டினால் பெரும்பாலும் திருத்திக் கொடுப்பார்கள். ஆனால் பில்லில் தேதி, சீரியல் எண், ஜிஎஸ்டி எண் மூன்றும் இருக்க வேண்டும். "ஐ5 லேப்டாப் - 1" என்று எழுதிய துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் ஒன்றும் பேச முடியாது.